துரையின் மிச்சம்

மன்னிக்கிற குணம் எனக்கு வாய்க்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் மற்றப் பாவங்களையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிடுவேன், இந்த ஒன்றை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் சுவாமியார் விட்டுவிடு என்பார். விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. இருபத்தாறு வருஷம் அதை ஊறுகாய்ப் போத்தல் மாதிரி அடிக்கடி வெயில் காட்டி, பூஞ்சணம் பிடிக்காமல் வைத்திருந்தேன்.

அப்போது நான் கனடாவுக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. மொன்ட்ரியால்-நோரில் நாலு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். கோயிலில் யாரோ எனக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. பூசை முடிந்து மூன்று ஞாயிறு பஸ் தரிப்பு வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். நாலாம் ஞாயிறு ஒரு சோடி குளிர்ச் சப்பாத்து கொண்டுவந்து தந்தார். போட்டுப் பார்த்தேன், அளவென்றால் அப்படி ஒரு அளவு. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, போன கிழமை நான் பஸ் ஏறின பிறகு பனியில் கிடந்த என் காலடியைச் சாண் வைத்து அளந்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

அவருக்கு ஒரு அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து, படிப்பித்து, கனடாவுக்கும் கூப்பிட்டுவிட்டவர். கோயிலில் எல்லாருக்கும் அவர் பெரியக்கா. யார் எந்த ஊர், யாருடைய பேத்தி, யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் அவருடைய நாக்கு நுனியில் இருக்கும். எங்கள் ஆட்கள் பெண் பார்க்க வந்தால் முகத்தைப் பார்ப்பது அரை நிமிஷம், மிச்ச நேரமெல்லாம் விசாரணைதான். பெரியக்காவும் வந்தார். கதிரையில் இருந்தபடியே என் தகப்பன் வழியை மூன்று தலைமுறைக்கு உருவி எடுத்தார். பிறகு தாய் வழிக்கு வந்தார்.

அங்கேதான் நான் வாயை விட்டேன். அம்மாவைப் பெற்றவர் கன்னியர்மடத்தில் வளர்ந்தவர் என்றும், அவரின் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்த ஸ்கொட்லாந்துக்காரன் என்றும், தோட்டத்தில் கொழுந்தெடுத்த பெண்ணோடு இருந்து பிள்ளை பிறந்ததும் மடத்தில் கொண்டுவந்து விட்டவன் என்றும் சொன்னேன். எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகவும் சொல்வதில்லை, ஒளிப்பதுமில்லை. அம்மாவுக்கும் எனக்கும் பூனைக்கண். கேட்கிறவர்களுக்குக் காரணம் சொல்லித்தானே ஆகவேண்டும். பெரியக்கா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். அந்த மடத்துப் பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர்கள் இருந்தார்களோ என்று கேட்டார். ஒரு தங்கச்சி இருந்ததாம், கன்னியர்கள் இரண்டு பேரையும் வேறு வேறு ஊரில் கட்டிக்கொடுத்ததோடு தொடர்பு விட்டுப்போச்சாம் என்றேன். பெரியக்கா பாதித் தேத்தண்ணியோடு எழும்பிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை கோயில் நிலக்கீழ் மண்டபத்தில் திருநாளுக்கு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்திருப்போம். என் கை முழுக்க மாவு. பெரியக்கா வந்து மேசைத் தலைப்பில் நின்றார். என்னைப் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“அந்தச் சம்பந்தம் சரிவராது. எங்கடை குடும்பத்துக்குள்ளை துரைமாரின்ரை மிச்சம் வேண்டாம்.”

ஒருத்தி சிரித்தாள். மற்றவர்கள் தலையைக் குனிந்து ரோல்ஸ் சுற்றினார்கள். நானும் சுற்றினேன். என்ன செய்வது, இறைச்சிக் கறி ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் சுற்றினது நாற்பத்திமூன்று ரோல்ஸ். ஏன் எண்ணினேன் என்றால், எண்ணாமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன். அந்தக் கிழமையே எனக்குத் துரைசாணி என்று பட்டம் வைத்துவிட்டார்கள். வருஷக்கணக்காக முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர்தான்.

தம்பியார் வரவில்லை. ஒரு சொல் சொல்லி அனுப்பவுமில்லை. ஆறேழு மாதம் கழித்துத்தான் பூசைக்கு வந்தார். என்னைக் கண்டு தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். வளர்த்த அக்காவின் சொல்லை மீற அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைத்தேன். அவரில் எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வரவேண்டிய கோபம் அத்தனையும் அக்காவின் பேரில் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் முறை சொல்லாமல் யாரோடும் கதைக்கமாட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்கூட அண்ணை, கடையில் சாமான் நிறுக்கிறவள்கூடத் தங்கச்சி. இந்த இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னைத் தங்கச்சி என்றதில்லை, நான் அவரை அண்ணை என்றதில்லை. “சுகமோ?” “ஓம்.” “பிள்ளையள் படிக்கினமோ?” “படிக்கினம்.” இரண்டு பேரும் மொட்டையாகவே கதைத்துக்கொண்டோம். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவர் இன்றுவரை கல்யாணமும் கட்டவில்லை.

நான் கட்டினேன். என் மனுஷன் நல்ல மனுஷன், அதில் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். சாமான் லொறி ஓட்டுகிறார். நல்லாகச் சாப்பிடுவார், சத்தமாகச் சிரிப்பார், யாரைக் கண்டாலும் பத்து நிமிஷத்தில் சொந்தமாக்கிவிடுவார். இரண்டு மகன்மார். வீட்டுக்குள் பிரெஞ்சில் சண்டை பிடித்து, பசித்தால் மட்டும் தமிழில் கதைப்பார்கள். வாழ்க்கை குறையில்லாமல்தான் போனது. ஆனால் ஊறுகாய்ப் போத்தல் வேறு அலுமாரியில் இருந்தது.

பன்னிரண்டு வருஷமாக நான் கர்க்லாண்டில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறேன். மெற்றோ ஒன்று, பஸ் இரண்டு மாறிப் போகவேண்டும். கிழவருக்கு மனைவி இல்லை, முழங்கால் இல்லை, வாய் மட்டும் நல்லாக இருக்கிறது. அவருடைய முப்பாட்டனுக்கு முப்பாட்டன் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர். அவருடைய கிளானுக்கு மொன்ட்ரியாலில் ஒரு சங்கம் உண்டு, அதன் வம்சாவளிப் புத்தகம் இவர் பொறுப்பில். கிளான் என்றால் என்ன என்று எனக்கு அவர் விளக்கப் படாத பாடு பட்டார். நாங்கள் ‘ஆற்றை ஆக்கள்’, யாருடைய ஆட்கள், என்று கேட்கிறோமே அதுதான் என்று எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. ஒரு தலைவன், ஒரே பெயர், ஒரு பள்ளத்தாக்கு, உடுக்கிற துணியில் அவர்களுக்கென்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை வேறு ஆள் உடுத்தால் கிழவருக்கு இரத்தம் கொதிக்கும்.

அவருடைய கிளானுக்கும் இன்னொரு கிளானுக்கும் முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பகை. அந்தக் கிளானின் ஆட்கள் ஒரு பனிக்காலத்தில் இவர்களுடைய ஆட்களின் வீடுகளில் விருந்தாளியாகத் தங்கி, சாப்பிட்டு, குடித்து, சீட்டு விளையாடிவிட்டு, விடியப்புறம் எழும்பிச் சாப்பாடு போட்டவர்களையே வெட்டிப்போட்டார்களாம். நேற்று நடந்த மாதிரி கண் சிவக்கச் சொல்வார். ஒருமுறை குசினித் தண்ணிக்குழாய் உடைந்து, திருத்த வந்தவனின் பெயர் அந்தக் கிளானின் பெயர். கிழவர் அவனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் நான் குளியலறையில் பாத்திரம் கழுவினேன். வேறு யாரென்றாலும் விசர்க் கிழவன் என்று திட்டியிருப்பேன். எனக்கோ அவரைப் பிடித்துப்போனது. இந்த ஊரில் மறக்காத ஒரே மனுஷனிடம் நான் வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கழுவினேன்.

இரண்டு நத்தாருக்கு முன்னால் கிழவர் எனக்கும் ஒரு பெட்டி பரிசு தந்தார். உள்ளே ஒரு சின்னக் குழாய். அதற்குள் எச்சில் துப்பி அனுப்பினால் உன் ஆட்கள் யாரென்று சொல்வார்கள் என்றார். என் ஆட்கள் யாரென்று எனக்குத் தெரியாதாக்கும் என்றேன். ஆனாலும் துப்பினேன். பதில் வந்த அன்று அவர் கணினி முன்னால் இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். முகம் பேயறைந்தது போல இருந்தது. எனக்கு ஸ்கொட்லாந்தில் சொந்தக்காரர் வரிசையாக இருந்தார்கள், எல்லாருக்கும் ஒரே பெயர். அவருடைய பகையாளிக் கிளானின் பெயர்.

கிழவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணி கொடுத்தபோது கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பத்து வருஷமாக உன் கையால் குடிக்கிறேன், கொல்லவேண்டுமானால் எப்போதோ கொன்றிருப்பாய் என்று சொல்லிவிட்டுக் குடித்தார். அதற்குப் பிறகு அவருக்கு வெறி பிடித்துவிட்டது. அந்தக் கிளானின் அச்சிட்ட வம்சாவளியை எங்கிருந்தோ வரவழைத்து, என் கொள்ளுப்பாட்டனைத் தேடிப் பிடித்தார். ஒரு குடும்பத்தின் நாலாவது மகன். இலங்கையில் தேயிலைத் தோட்டம். அங்கேயே சாவு. அதற்குக் கீழே இரண்டே சொல்: சந்ததி இல்லை.

என் அம்மா, நான், என் மகன்மார், எல்லாரையும் அந்த இரண்டு சொல்லால் துடைத்துவிட்டான்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைவிடக் கிழவருக்கு. பகையாளியின் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்த சந்தோஷம் வேறு. அன்றைக்கே அந்தக் கிளானின் புத்தகப் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் புத்தகம் பொய் சொல்கிறது, இரண்டு மகள்மார் இருந்தார்கள், அதில் ஒருத்தியின் பேத்தி என் வீட்டில் இருக்கிறாள், வந்து பார் என்று.

இந்த நிலைமையில்தான் கிழவரின் பேரன் ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கட்டப்போகிறான் என்று செய்தி வந்தது. படத்தைக் காட்டினார். பார்த்தேன். பெரியக்காவின் மகள்.

கோயிலில் பெரியக்காவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. சம்பந்தி வீடு ஸ்கொட்லாந்துப் பிரபு வம்சம் என்றும், அவர்களுக்குச் சொந்தக் கோட்டை இருந்தது என்றும், தலைமுறை தலைமுறையாகப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாப்பிள்ளை கட்டம் போட்ட பாவாடை உடுத்துத் தாலி கட்டுவாராம் என்று கேட்டு, சாரம் கட்டின மாப்பிள்ளை வாறார் என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியக்கா சிரிக்கவில்லை. நல்ல இரத்தம் நல்ல இரத்தத்தைத் தேடித்தான் வரும் என்று சொன்னார். நான் பின் வாங்கிலில் இருந்து கேட்டேன்.

கிழவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பேரப்பிள்ளையின் கல்யாணத்துக்கும் இரண்டு பக்கத்து வம்சத்தையும் ஒரே ஆட்டுத்தோல் தாளில் மரமாக எழுதிச் சட்டம் போட்டுக் கொடுப்பார். கொடுக்கிறது மட்டுமில்லை, விருந்தில் எழும்பி நின்று அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக உரத்து வாசிப்பார். அதற்காகப் பெரியக்காவிடம் தாய் வழி, தகப்பன் வழி எல்லாம் கேட்டு வாங்கியிருந்தார். கடதாசி என் கைக்கு வந்தது, தமிழ்ப் பெயர்களை நான்தான் வாசித்துச் சொல்லவேண்டும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு இடம் தவிர. பெரியக்காவின் தாயைப் பெற்றவருக்குத் தகப்பன் என்று அந்தக் காலத்து ஊர் அதிகாரியான ஒரு உடையாரின் பெயர் எழுதியிருந்தது.

உடையார்! நானே நம்பியிருப்பேன். ஆனால் கல்யாணப் பெண்ணும் எச்சில் துப்பியிருந்தாள், கிழவர் விடுவாரா. பதில் வந்தபோது அவர் திரையைத் திருப்பி என்னிடம் காட்டினார். அந்தப் பிள்ளைக்கு ஸ்கொட்லாந்தில் அதே பெயர்க்காரர் வரிசையாக இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மேலே, மிக நெருங்கின சொந்தம் என்று, ஒரு பெயர் இருந்தது. என்னுடைய பெயர்.

நான் கதிரையை இழுத்து இருந்துவிட்டேன். கன்னியர்மடத்தில் இருந்த தங்கச்சி. வேறு ஊரில் கட்டிக்கொடுத்த அந்தத் தங்கச்சியின் பேத்திதான் பெரியக்கா. என் முன்னால் பாதித் தேத்தண்ணியோடு எழும்பிப் போனபோதே அவருக்கு எல்லாம் தெரியும். நான் துரையின் மிச்சம் என்று கண்டுபிடிக்க அவர் ஊருக்குப் போன் எடுக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. தன் வீட்டுக் கதையைத்தான் என் வாயில் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த அழுக்கு முழுவதையும் என் ஒருத்தியின் தலையில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

அன்றைக்குப் பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவள் எழும்பி வேறு இடத்துக்குப் போனாள். ஒன்றும் செய்யத் தேவையில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கிழவர் ஆட்டுத்தோலில் பொய் எழுதமாட்டார். தெரியாது என்றால் வெறுமையாக விடுவார், பொய் என்று தெரிந்ததை எழுதமாட்டார், அது அவருக்குச் சத்தியம். ஆக விருந்தில் முந்நூறு பேருக்கு முன்னால் துரையின் பெயர் வாசிக்கப்படும். பெரியக்காவின் முகம் எப்படி இருக்கும் என்று மூன்று கிழமை நான் படம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைதான் தாயிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அது பெரிய பகிடி. எனக்கும் ஸ்கொட்லாந்து இரத்தம் இருக்காம் அம்மா என்று. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிழவர் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம் மணி அடித்தது. பெரியக்கா, பலகாரப் பெட்டியோடு. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக என்னைத் தேடி வந்திருக்கிறார். குசினியில் இருத்தினேன். தேத்தண்ணி ஊற்றினேன். இந்த முறை முழுக்கக் குடித்தார்.

கிழவரிடம் சொல்லி அந்தப் பெயரை வெறுமையாக விடச்சொல்லும்படி கேட்டார். நான் சொன்னால் கேட்பார் என்று மகள் சொன்னாளாம். நான் ஏன் சொல்லவேண்டும் என்று கேட்டேன். பெரியக்கா கைக்குட்டையை எடுத்து முறுக்கினார்.

“பிள்ளை, நான் வேணுமெண்டு செய்யேல்லை. என்ரை அம்மாவும் உன்ரை அம்மாவும் தமக்கை தங்கச்சியின்ரை பிள்ளையள். என்ரை தம்பி உனக்கு அண்ணன் முறை. முறையில்லாத கலியாணத்தை நான் எப்பிடிச் செய்யவிடுறது?”

“அதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே.”

“எப்பிடிச் சொல்லுறது? சொன்னா நாங்கள் ஆரெண்டு தெரிஞ்சிடுமே.”

“அதுக்கு என்னைக் கொண்டுபோய்க் குப்பையிலை போட்டனீங்கள்.”

 முறை என்று அவர் சொன்ன சொல் என் காதில் விழுந்தது, விழவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அப்போது கண் மண் தெரியாத கோபம். அந்தக் கோபத்துக்குள் அண்ணன் முறை, தங்கச்சி முறை எல்லாம் அவருடைய சாட்டாகத்தான் கேட்டது. தப்ப ஒரு வழி தேடுகிறாள் என்று நினைத்தேன்.

அந்த நேரம்தான் எனக்கு இதைவிட நல்ல யோசனை வந்தது. கிழவர் வாசித்தால் அது கிழவருடைய வாய். எனக்கு வேண்டியது பெரியக்காவின் வாய். எங்கள் கல்யாணங்களில் மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று ஆட்களை வரவேற்பது பெண்ணின் சின்னம்மாவும் தாய்மாமனும். பெரியக்காவுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி இல்லை.

“பேர் வாசிக்காமல் விடச் சொல்லுறன்,” என்றேன். “ஆனா வாசலிலை பன்னீர்ச் செம்போடை நான் நிப்பன். பிள்ளைக்கு நான்தான் சின்னம்மா. ஆர் வந்து என்ன சொந்தம் எண்டு கேட்டாலும் நீங்கள் சொல்லோணும். தூரத்துச் சொந்தம் எண்டு மழுப்பக்கூடாது. எந்த வழியாலை எண்டு சொல்லோணும்.”

பெரியக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். முந்நூறு பேரா, வாசலில் கேட்கிற நாலு பேரா என்று அவர் கணக்குப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் தலையை ஆட்டினார். போகும்போது பலகாரப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் கிழவருக்குக் கொடுத்தேன்.

கிழவரிடம் பெயரை விடச் சொன்னபோது அவர் ஏமாந்துபோனார். பகையாளியின் புத்தகத்தைப் பொய்யாக்குகிற பெயரை எல்லாருக்கும் முன்னால் வாசிக்கவேண்டும் என்று எவ்வளவு ஆசையோடு இருந்தவர். உன் இடத்தில் நான் இருந்தால் ஏழு தலைமுறைக்கு விடமாட்டேன் என்றார். நானும் விடவில்லை, பொறுத்துப் பாருங்கள் என்றேன். சரி, விருந்தாளியாகப் போய் அடிக்கிறாய், உன் கிளானின் புத்தி உனக்கு நல்லாகவே இருக்கிறது என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று கத்தரிப்பூ நிறத்தில் காஞ்சிபுரம் உடுத்தேன். பூசை முடிந்து மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வாசலுக்கு வெளியே ஒருவர் பாக்பைப் ஊதிக்கொண்டு நின்றார். கட்டம் போட்ட பாவாடைகளில் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்கும் பன்னீர் தெளித்தேன். மழை என்று நினைத்து ஒருவர் மேலே பார்த்தார். பெரியக்கா என் வலப்பக்கத்தில் நின்றார். தம்பியார் ஆட்களின் கார்களை நிறுத்த இடம் காட்டிக்கொண்டு வெளியில் நின்றார்.

நான் எதிர்பார்த்தது நடந்தது. அன்றைக்கு ரோல்ஸ் சுற்றின பெண்களில் ஐந்து பேர் ஒன்றாக வந்தார்கள். அதில் முன்னால் வந்தவள் அன்று சிரித்தவள். என்னையும் செம்பையும் பார்த்தாள், பெரியக்காவைப் பார்த்தாள்.

“என்ன பெரியக்கா, இவ இதிலை நிக்கிறா?”

பெரியக்கா சந்தனக் கிண்ணத்தை மற்றக் கைக்கு மாற்றினார். நான் செம்பைப் பிடித்தபடி காத்திருந்தேன். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம்.

“இவ எனக்குத் தங்கச்சி,” என்றார் பெரியக்கா. “எங்கடை அம்மம்மாவும் இவவின்ரை அம்மம்மாவும் கூடப்பிறந்தவை. ரெண்டு பேரும் தோட்டத்துரையின்ரை பிள்ளையள்.”

ஒருத்தியும் சிரிக்கவில்லை. அன்று சிரித்தவள் திறந்த வாய் திறந்தபடி நின்றாள். அவள் முகத்தில் நான் நிறையப் பன்னீர் தெளித்தேன். பெரியக்காவின் கையிலிருந்த சந்தனக் கிண்ணம் சாய்ந்து சேலையில் ஊற்றிக்கொண்டது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். அந்த ஐந்து பேரும் உள்ளே போனால் சாப்பாடு வருமுன் மண்டபம் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். கிழவர் வாசித்திருந்தால்கூட இவ்வளவு வேகமாகப் போயிருக்காது.

பின்னாலிருந்து என் மனுஷனின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சொந்தம் என்றால் அவருக்குப் பாயசம் மாதிரி. வெளியிலிருந்து வந்த தம்பியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

“கேட்டியளே, நீங்கள் எனக்கு மச்சான்! இவ்வளவு நாளும் ஒரு மச்சான் ஒரே கோயிலுக்கை இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது பாருங்கோ.”

தம்பியார் சிரித்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் என் இடப்பக்கம் வந்து நிற்கவேண்டும், தாய்மாமனின் இடம் அது. வந்து நின்றார். கற்கண்டுத் தட்டை எடுத்துக்கொண்டார். அக்கா நேற்றுத்தான் எல்லாம் சொன்னவ என்று மெல்லச் சொன்னார். பிறகு என் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

“பாரமாயிருக்கும் தங்கச்சி. கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறன், தாங்கோ.”

பாக்பைப் ஊதிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பெரியக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சேலையில் சந்தனம் வழிய. நான் கேட்டதைத்தான் தந்திருந்தார், ஒரு சொல் குறைக்கவில்லை. தம்பியார் நீட்டின கையில் செம்பைக் கொடுத்தேன்.

“ஓம் அண்ணை,” என்றேன்.